இருமல்களை நீக்கவும்

காப்பகம் தந்த விதித்தாள் ஒரே பக்கம்.
விதி நான்கு: 'ம்', 'வந்து', நாற்காலிக் கிறீச்சு,
கோப்பைச் சத்தம், தும்மல், இருமல்,
எதுவும் தட்டச்சில் வேண்டாம்.
ஐந்து நொடியைத் தாண்டும் மௌனத்தை மட்டும்
அடைப்புக்குறிக்குள் குறிக்கவும்.
பக்கத்துக்கு இவ்வளவு யூரோ என்று கூலி.
குரோனிங்கனில் அந்தக் குளிர்காலம் முழுக்க
செத்தவர்கள் சொல்லச் சொல்ல
எழுதிக்கொண்டிருந்தேன்.

நாடா நாற்பத்தேழு. ரெபெக்கா சாடோக்ஸ்.
பதிவின்போது வயது அறுபத்தொன்று,
ஒளிந்திருந்தபோது ஐந்து.
ஃபிரீஸ்லாந்தில் ஒரு பால்பண்ணை.
புகைபோக்கிக்கும் சுவருக்கும் நடுவே
பலகை வைத்து அடைத்த இடுக்கு.
முட்டியை மடித்தால் உட்காரலாம்.
நீட்டிப் படுக்க வேண்டுமென்றால்
வளரக்கூடாது.

பண்ணைக்காரி ஹில்ட்யே
அவளுக்கு வேறு பெயர் வைத்தாள்.
பழைய பெயரைப் பற்றி
மூச்சு விடாதே என்றாள்.
யாரிடமும் சொல்லாதே என்று அர்த்தம்.
ஐந்து வயதுக்கு அந்த அர்த்தம் தெரியாது.
பலகை மூடும்போதெல்லாம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள்.
நாற்பதுக்கு மேல் எண்ணத் தெரியாததால்
நாற்பதிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

மார்ச்சில் கக்குவான் வந்தது.
மாவு மூட்டையில் முகம் புதைத்து
இருமக் கற்றுக்கொண்டாள். போதவில்லை.
ஒரு மாலை கீழே பூட்ஸ் கால்கள்.
பலகைக்குப் பின்னால் அவள் இரும,
அடுப்பருகே நின்ற ஹில்ட்யே
தானும் இருமினாள்.
வந்தவன் முகத்தில் தெறிக்கும்படி,
நெஞ்சு பிளக்க, காசநோய்க்காரியைப் போல.
வந்தவர்கள் வாசல்வரை பின்வாங்கினார்கள்.
அன்றிலிருந்து அந்த வீட்டில்
இருமுவது இரண்டு பேர், கேட்பது ஒருத்தி.
போர் முடிந்தும் மூன்று வருடம்
நோயே இல்லாத ஹில்ட்யே இருமினாளாம்.
பழக்கதோஷம்.

அம்மாவைப் பற்றிக் கேட்கிறார்கள்.
(மௌனம், பதினொரு நொடி.)
"ஒரு பச்சைக் கையுறை. வலது கை.
அவ்வளவுதான் என்னிடம் இருக்கும் அம்மா."

நாடா நாற்பத்தெட்டு. எவர்ட் போஸ்விங்கெல்.
கடலில் கண்ணிவெடி அகற்றும் கப்பலில்
துணை லெப்டினன்ட். ஹாரிச் துறைமுகம்.
மணியும் திசையும் சொல்லாமல்
காலைச் சாப்பாட்டைப் பற்றிக்கூடப் பேசமாட்டார்.
இரவு இரண்டு பதினேழு, வடகிழக்கே,
முன்னே போன சரக்குக் கப்பல் இரண்டாகப் பிளந்தது.
மிதவைச் சட்டை ஒவ்வொன்றிலும்
சின்னச் சிவப்பு விளக்கு.
"தண்ணீரில் சிகரெட் நுனிகள் மாதிரி.
எண்ணினேன். முப்பத்தொன்று."
எந்தக் கப்பலும் நிற்கக்கூடாது என்பது கட்டளை.
நிற்கவில்லை.
நின்றிருந்தால் நீங்களும் போயிருப்பீர்கள்
என்பாளாம் மனைவி. சரிதான் என்கிறார்.
சரிதான் என்று இன்னொரு முறையும் சொல்கிறார்.
"விடிந்ததும் அதே வழியாகத் திரும்பினோம்.
வெயிலில், விளக்கு எரிகிறதா இல்லையா
என்று எப்படித் தெரியும்?"

நாடா முழுக்கத் துணி உரசும் சத்தம்.
விதிப்படி விட்டுவிட்டேன்.
பேட்டி எடுத்தவரின் குறிப்பு
உறைக்குள் மடிந்து கிடந்தது:
பதிவுக்கருவியின் சிவப்புப் புள்ளியைக்
கைக்குட்டையால் மூடினார்.
எடுத்துவிட்டேன். மறுபடி மூடினார்.

அன்று வேலை ஓடவில்லை.
மறுநாள் நாற்பத்தேழைத் திரும்ப ஓட்டினேன்.
நீக்கிய இடங்களில் எல்லாம் நிறுத்தி
இருமல்களைத் திரும்ப வைத்தேன்.
மொத்தம் பதினாறு.
அவற்றில் நான்கு அவளுடையவை அல்ல.
அவள் இருமும்போது
பக்கத்து அறையில் யாரோ உடனே இருமுகிறார்கள்,
அவளைவிடச் சற்று உரக்க.
வீட்டில் மகள் இருந்ததாகக் குறிப்பு இருக்கிறது.
மகளுக்குச் சளி என்று எங்கும் இல்லை.

தாள் திரும்பி வந்தது.
ஓரத்தில் பென்சிலில்: விதி நான்கு.

அழிப்பானை எடுத்து
அந்தப் பென்சில் வரியை அழித்தேன்.